பல்லின் நாளும் பயணத்தின் நாளும்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஆண்டு முழுவதும் பல் வலித்தாலும் பொறுத்துக் கொள்வார்கள். கிராம்புத் தைலம் தடவுவார்கள்; வலியில்லாத பக்கத்தால் மெல்லப் பழகிக் கொள்வார்கள். "விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பார்த்துக் கொள்ளலாம்" என்பதே அவர்கள் தமக்குத் தாமே கூறிக்கொள்ளும் சமாதானம். விடுமுறை வந்ததும் இரண்டு வாரத்துக்கு விமானச் சீட்டு வாங்கப்படுகிறது. ஒரு கல்யாணம், குலதெய்வ வழிபாடு, நாத்தனார் வீட்டு விருந்து, ஜவுளிக் கடை என்று அந்நாட்கள் பங்கிடப்பட்ட பிறகு, பல்லுக்கு மிஞ்சுவது கடைசி மூன்று நாட்களே.

ஊர் சென்று வைத்தியம் செய்துகொள்வதை நாம் குறை கூறவில்லை. அதில் நியாயமும் நன்மையும் உண்டு. நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே ஒன்று: பல்லுக்கு எத்தனை நாள் வேண்டும் என்று வைத்தியரை முதலில் கேட்டறிந்து, அதன் பின்னரே சீட்டு வாங்க வேண்டும். சீட்டை முதலில் வாங்கிவிட்டு அதற்குள் பல்லை அடக்க முற்படுவது என்றுமே இடர் மிகுந்தது. விமான நிலைய ஏற்பாடுகள் பருவத்துக்குப் பருவம் மாறிவரும் இந்நாளில் அவ்விடர் இரட்டிப்பாகியிருக்கிறது.

ஊர் வைத்தியரை நாடுவது ஏன்?

தில்லியில் பல் வைத்தியத்துக்குக் குறைவில்லை. தில்லி வாயிலுக்கு அருகே மௌலானா ஆசாத் பல் மருத்துவக் கழகம் இருக்கிறது. அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்திலும் பல்லுக்கெனத் தனி மையம் உண்டு. இருந்தும் நம்மவர் ஊருக்குப் போகிறார்கள் என்றால் அதற்குக் காரணங்கள் உள்ளன.

முதற் காரணம் மொழி. வலியைச் சொல்வது எளிதன்று. குத்துகிறதா, குடைகிறதா, கூசுகிறதா, விண்ணென்று தெறிக்கிறதா என்ற வேறுபாட்டை வைத்தே வைத்தியர் நோயின் இடத்தை ஊகிக்கிறார். மகனுடன் இருப்பதற்காக எழுபது வயதில் தில்லிக்கு வந்த ஒரு தாயார், இந்தி அறியாத நிலையில் இவற்றை யாரிடம் சொல்வார்? பேரன் மொழிபெயர்த்தால் எல்லாம் "வலிக்கிறது" என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. இரண்டாவது காரணம், சிகிச்சைக்குப் பின் குழையவடித்த சோறும் கஞ்சியும் செய்து தர ஊரில் உறவினர் இருக்கிறார்கள். மூன்றாவது, பெரிய சிகிச்சைகளில் செலவு குறையலாம் என்ற எதிர்பார்ப்பு.

தமிழ்நாட்டின் பல் மருத்துவக் கல்வியும் நெடுநாளையது. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ஆர். அகமது 1920-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நிறுவினார். சென்னையில் 1953-இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது, பின்னர் அரசு பல் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இயங்கி வருகிறது. இன்று சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் ஆகியவற்றிலிருந்தும் தமிழர் பல் வைத்தியத்துக்கென்றே வருகின்றனர். இதற்குப் பல் மருத்துவச் சுற்றுலா என்று இக்காலத்தார் பெயரிட்டிருக்கிறார்கள். பெயர் புதிதாயினும், நம் குடும்பங்கள் இதனைப் பல்லாண்டுகளாகவே செய்து வந்திருக்கின்றன.

சிகிச்சைக்குச் சிகிச்சை மாறும் நாட்கணக்கு

பல் வைத்தியம் என்று ஒரே பெயரால் நாம் குறிப்பிடுவன வெவ்வேறு கால அளவு கொண்டவை.

பற்களைச் சுத்தம் செய்வதும், சிறு சொத்தையை அடைப்பதும் ஒரே அமர்வில் முடிபவை. இவற்றுக்காக எவரும் ஊர் செல்லக் காத்திருக்க வேண்டியதில்லை. இருக்கும் இடத்திலேயே உடனுக்குடன் செய்துகொள்வதே சிறப்பு. இன்று அடைத்தால் போதும் என்றிருக்கும் சொத்தை, ஆறு மாதக் காத்திருப்பில் வேர் வரை இறங்கிவிடும்.

ரூட் கெனால் என்று வழங்கும் வேர்ச் சிகிச்சை ஒன்று முதல் மூன்று அமர்வுகள் வரை செல்லக்கூடும். அதன் பின் அப்பல்லின் மேல் கேப் போட வேண்டியிருக்கும். பல்லைச் செதுக்கி, அளவெடுத்து, பட்டறைக்கு அனுப்பி, செய்து வந்ததைப் பொருத்திப் பார்த்து ஒட்டுவதற்குப் பொதுவாக ஒரு வாரம் தேவைப்படும். ஆக, சீழ் இல்லாத பல்லுக்கே பத்து நாட்கள் ஒதுக்குவது அறிவுடைமை. சீழ் கட்டியிருப்பின் அது வடிந்து தணிய மேலும் நாட்கள் வேண்டும்.

பல் பிடுங்குவது அரைமணி வேலைதான். ஆனால் அதன் பிந்திய நாட்களே முக்கியமானவை. பிடுங்கிய குழியில் இரத்தம் உறைந்து மூடிக்கொள்கிறது. இயற்கை தரும் மருந்துக்கட்டு அதுவே. அது கழன்று போனால் உள்ளிருக்கும் எலும்பு வெளிப்பட்டு, காது வரை பாயும் கடும் வலி எழுகிறது. பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே இவ்வாறு நேர்கிறது. புகை பிடிப்போருக்கு அதிகம். எனவே பிடுங்கிய பின் ஐந்து நாட்களேனும் அந்த வைத்தியருக்கு எட்டும் தூரத்தில் இருப்பது நலம்.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைக் கூறினால் இதன் பொருள் விளங்கும். புறப்படுவதற்கு முந்திய நாள் மாலை, தாயாரின் மேல்வாய்க் கடைவாய்ப் பல் பிடுங்கப்பட்டது. மறுநாள் விமானம் நான்கு மணி நேரம் தாமதம். பஞ்சும் மருந்தும் விமான நிறுவனத்திடம் ஒப்படைத்த பெட்டிக்குள் சென்றுவிட்டன. நாற்காலியில் அமர்ந்தவாறே அம்மூதாட்டி உதிரம் கலந்த எச்சிலை விழுங்கிக் கொண்டிருந்தார். தில்லி வந்த மறுநாள் வலி தொடங்கியது. இங்குள்ள வைத்தியர், "அங்கு என்ன செய்தார்கள்? தையல் போட்டார்களா? என்ன மருந்து கொடுத்தார்கள்?" என்று கேட்டார். விடை கூற ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. ஒரு வாரம் முன்னதாக அப்பல்லைப் பிடுங்கியிருந்தால் இத்துன்பம் முழுவதும் இல்லாதிருந்திருக்கும்.

முழுப் பல்செட்டு கட்டிக்கொள்ள வேண்டுவோர் ஏறக்குறைய ஐந்து அமர்வுகளை எதிர்பார்க்க வேண்டும். முதல் அளவு, இரண்டாம் அளவு, கடிக்கும் உயரம் காண்பது, மெழுகில் பொருத்திப் பார்ப்பது, இறுதியாகக் கொடுப்பது என்று அவை செல்லும். கொடுத்த பிறகும் ஈறில் உறுத்தும் இடங்களைத் தேய்த்துச் சரி செய்ய இரண்டொரு முறை போக நேரும். எஞ்சிய பற்களைப் பிடுங்கிய கையோடு நிலையான செட்டுக் கட்ட இயலாது. ஈறும் எலும்பும் ஆறி வடிவம் கொள்ளச் சில மாதங்கள் ஆகும்.

இம்பிளான்ட் எனப்படும் பதிபல்லே இக்காலத்தில் பலரையும் ஊருக்கு இழுக்கும் சிகிச்சை. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க், 1952-ஆம் ஆண்டளவில், டைட்டேனியம் என்னும் உலோகம் உயிருள்ள எலும்போடு பிரிக்க இயலாதபடி ஒன்றிவிடுவதைக் கண்டார். 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அதனைப் பதித்துப் பல் பொருத்தினார். அன்றும் இன்றும் மாறாத உண்மை, எலும்பு ஒன்றுவதற்கு மூன்று முதல் ஆறு மாதங்கள் வேண்டும் என்பதே. ஆதலால் பதிபல் என்றால் இரண்டு பயணங்கள் என்று முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். "ஒரே நாளில் பல்" என்று விளம்பரங்கள் கூறுகின்றன. தக்க எலும்பு உடையவர்களுக்கு அன்றே தற்காலிகப் பல் பொருத்துவது உண்டு. அதுகொண்டு எலும்பு விரைந்து ஆறிவிடாது. நிலையான பல்லுக்கு அவர்களும் மீண்டும் போகத்தான் வேண்டும்.

கம்பி கட்டிப் பல்லைச் சீராக்குவது பெரும்பாலும் ஒன்றரை இரண்டு ஆண்டுகள் நடக்கும். மாதந்தோறும் வைத்தியரைக் காண வேண்டும். பிள்ளைகளுக்கு இதனை விடுமுறை ஊரில் தொடங்குவது முற்றிலும் பொருந்தாது. வசிக்கும் நகரிலேயே செய்ய வேண்டும்.

வானில் பல்லுக்கு நேர்வது

விமானம் முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றின் அழுத்தம் செயற்கையாகக் காக்கப்படுகிறது. ஆயினும் அது தரையில் உள்ள அளவுக்கு இருப்பதில்லை. ஆறாயிரம் முதல் எண்ணாயிரம் அடி உயரமுள்ள மலையில் இருப்பது போன்ற அழுத்தமே அங்கு நிலவுகிறது. உதகமண்டலத்தின் உயரம் சுமார் 7,350 அடி. எனவே சென்னையில் புறப்படும் நாம் அரைமணிக்குள் உதகைக்கு ஏறி, தில்லியில் இறங்கும்போது மீண்டும் சமவெளிக்கு வருகிறோம் என்று கொள்ளலாம்.

அழுத்தம் குறைந்தால் காற்று விரியும் என்பது பள்ளிப் பிள்ளைகள் அறிந்த பாயில் விதி. அவ்வுயரத்தில் அடைபட்ட காற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரிய முற்படும். சரியாக மூடாத அடைப்பின் கீழோ, பாதியில் நிற்கும் வேர்ச் சிகிச்சையிலோ, சீழ்ப் பையிலோ சிக்கிய காற்று நரம்பை நெருக்கும்போது பல் தெறிப்பது போல வலிக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பறந்த விமானிகளிடையே இவ்வலி நன்கு அறியப்பட்டிருந்தது. ஆதலால் வேர்ச் சிகிச்சையைப் பாதியில் விட்டு விமானம் ஏறலாகாது. ஏற நேர்ந்தால், தற்காலிக அடைப்பு உறுதியாக இருக்கிறதா என்று வைத்தியரைக் காணச் செய்து ஏற வேண்டும்.

மேல்வாய்க் கடைவாய்ப் பற்களின் வேருக்கு மேலே சைனஸ் என்னும் காற்றறை இருக்கிறது. பதிபல்லுக்குப் போதிய எலும்பு இல்லாதவர்களுக்கு, அவ்வறையின் அடித்தளத்தை உயர்த்தி எலும்புத் துகள் இட்டுச் சிகிச்சை செய்வதுண்டு. அதன் பின் சில வாரங்கள் மூக்கை வலுவாகச் சிந்துவதும் விமானத்தில் பறப்பதும் தவிர்க்கத் தக்கவை. எத்தனை வாரம் என்பதை அறுவை செய்தவரே கூற வேண்டும். அதுவரை தங்க இயலாதோர்க்கு நம் பழைய துணையான ரயில் இருக்கவே இருக்கிறது. சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சுமார் 33 மணி நேரத்தில் தில்லி சேர்க்கும். ரயிலில் அழுத்தக் குறைவின் தொல்லை இல்லை.

இடம் மாறும் முனையங்கள்

இனி விமான நிலையங்களைக் காண்போம். டெர்மினல் எனப்படும் முனையம் எது என்று அறியாமல் வீட்டை விட்டுப் புறப்படுவது இன்று இயலாத காரியமாகிவிட்டது.

நம் தில்லியையே எடுத்துக் கொள்வோம். 2024-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் விடியற்காலை, பெருமழையில் முதலாம் முனையத்தின் முன்புறக் கூரை இடிந்து விழுந்து ஒருவர் உயிரிழந்தார். முனையம் மூடப்பட்டு, விமானங்கள் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு மாற்றப்பட்டன. ஆகஸ்டு முதல் அவை படிப்படியாகத் திரும்பின. அடுத்து 2025 ஏப்ரல் நடுவில், 1986-இல் கட்டப்பெற்ற இரண்டாம் முனையம் புதுப்பிக்கும் பொருட்டு மூடப்பட்டது. அங்கிருந்த விமானங்கள் முதலாம் முனையத்துக்குச் சென்றன. அவ்வாண்டு அக்டோபர் 26-ஆம் நாள் இரண்டாம் முனையம் மீண்டும் திறக்கப்பட்டது. பதினாறு மாதங்களுக்குள் இத்தனை மாற்றங்கள்! இடையில் பதிபல்லுக்காக இருமுறை ஊர் சென்றவர், போகும்போது ஒரு முனையத்திலும் திரும்பும்போது வேறொன்றிலும் நின்றிருந்தால் அதில் வியப்பில்லை.

முதலாம் முனையத்துக்கும் மூன்றாம் முனையத்துக்கும் இடையே சில கிலோமீட்டர் சாலைத் தொலைவு உண்டு. முதலாவதற்கு மெஜந்தா வழி மெட்ரோவில் செல்ல வேண்டும். மூன்றாவதற்கு, புது தில்லி நிலையத்திலிருந்து புறப்படும் விமான நிலைய எக்ஸ்பிரஸ் மெட்ரோ. இரண்டாம் முனையம் மூன்றாவதற்கு நடந்து செல்லும் தூரத்தில் உள்ளது. தவறான மெட்ரோவில் ஏறிய பிறகு பிழை தெரிந்தால், வீங்கிய கன்னத்தோடு ஒரு முதியவரை மறு முனையத்துக்கு அழைத்துச் செல்வது எளிய காரியமாகாது.

தலைநகர் வட்டாரத்தில் நிலையங்களின் எண்ணிக்கையும் பெருகுகிறது. காஜியாபாத்தை அடுத்த ஹிண்டனிலிருந்து 2025-இல் பெங்களூரு முதலிய தொலை நகரங்களுக்கும் விமானங்கள் புறப்படத் தொடங்கின. ஜேவரில் நொய்டா விமான நிலையம் எழுந்திருக்கிறது. சீட்டில் உள்ள மூன்றெழுத்துக் குறியைப் பார்ப்பதே பிழையறியும் வழி. பாலத்தில் உள்ள பழைய நிலையத்துக்கு டி.ஈ.எல். என்றும், ஹிண்டனுக்கு எச்.டி.ஓ. என்றும், ஜேவருக்கு டி.எக்ஸ்.என். என்றும் குறி. மும்பையிலும் இவ்வாறே. நவி மும்பை விமான நிலையத்திலிருந்து 2025 டிசம்பர் 25 முதல் பயணிகள் விமானங்கள் பறக்கின்றன. அதன் குறி என்.எம்.ஐ.; பழைய நிலையத்துக்கு பி.ஓ.எம். மும்பையில் இறங்கி வேறு விமானம் மாற எண்ணுவோர், இரண்டு சீட்டுகளும் ஒரே நிலையத்துக்கு உரியவையா என்று பார்த்த பின்னரே பணம் செலுத்துக.

சென்னையில், 2023 ஏப்ரல் 8-ஆம் நாள் பன்னாட்டுப் பயணிகளுக்கான புதிய இரண்டாம் முனையம் திறந்து வைக்கப்பட்டது. அதன் பின்னர், முன்பு பன்னாட்டு விமானங்களுக்கு உரியதாயிருந்த நான்காம் முனையம் உள்நாட்டுப் பயணிகளுக்கு வந்தது. ஆக, உள்நாட்டுப் பயணிகளுக்கு ஒன்றும் நான்கும். இரண்டுக்கும் நடுவே பன்னாட்டு முனையம். மூன்று எங்கே என்று கேட்பவர்களுக்கு, விரிவாக்கத்துக்காக அது இடிக்கப்பட்டது என்பதே விடை. திருச்சிராப்பள்ளியின் புதிய முனையம் 2024 ஜூனில் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. மதுரை நிலையம் 2024 அக்டோபர் முதல் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. எனவே தென்மாவட்டத்தார் சென்னை வைத்தியரையே நாட வேண்டும் என்பதில்லை. சொந்த ஊருக்கு அருகிலேயே தக்க வைத்தியர் இருப்பின் இடைப்பயணம் ஒன்று மிச்சமாகும்.

அரசு பல் மருத்துவமனைக்குச் செல்வோருக்கு ஒரு குறிப்பு. சென்னை விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் ரயில் நிலையம் உள்ளது. அங்கிருந்து கடற்கரை செல்லும் மின்ரயிலில் ஏறினால், மாறாமல் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். மருத்துவமனை எதிரிலேயே.

முனையத்தை மூன்று முறை சரிபார்ப்பது நல்ல வழக்கம்: சீட்டு வாங்கும்போது ஒருமுறை, புறப்படும் நாளுக்கு முந்திய மாலையில் ஒருமுறை, வண்டியில் ஏறும் முன் ஒருமுறை. திரும்பி வரும்போது அழைத்துச் செல்ல வருபவருக்கும் முனைய எண்ணைத் தெரிவிப்பது அவசியம். நடக்க இயலாத முதியோருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமெனில், 48 மணி நேரம் முன்னதாகவே விமான நிறுவனத்திடம் சொல்லி வைத்தல் வேண்டும்.

நாள் குறிக்கும் முறை

பருவமும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டு, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் இயக்கப்பட்டதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பர் 4-இல் மிச்சாங் புயலின்போதும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலின்போதும் அந்நிலையம் மூடப்பட்டது. அதே மாதங்களில் இங்கு மூடுபனி. டிசம்பரிலும் ஜனவரியிலும் காலை விமானங்கள் மணிக்கணக்கில் காத்திருப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். 2025 டிசம்பர் முதல் வாரத்திலோ, விமானிகளின் பணிநேர விதிகள் மாறியதை ஒட்டி, நாடெங்கும் ஆயிரக்கணக்கான உள்நாட்டு விமானங்கள் நீக்கப்பட்டன. ஆகவே நவம்பர் முதல் ஜனவரி நடு வரையுள்ள காலம், நாட்கணக்குத் தவறாத சிகிச்சைக்கு ஏற்றதன்று.

பதிபல் வேண்டுவோருக்கு ஏற்ற ஒரு திட்டம் கூறுவோம். முதற் பயணம் கோடை விடுமுறையில் ஜூன் தொடக்கத்தில். இரண்டாம் பயணம் நவராத்திரியை ஒட்டி அக்டோபர் தொடக்கத்தில். இடையே நான்கு மாதங்கள் கிடைக்கின்றன. வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் பிற்பகுதியில்தான் தொடங்கும். அதற்குள் வேலை முடிந்துவிடும். முதல் சிகிச்சை முடிந்து, எலும்பு எவ்வாறு ஆறுகிறது என்று எக்ஸ்ரேயில் கண்டு வைத்தியர் சொன்ன பிறகே இரண்டாம் பயணத்துக்குச் சீட்டு வாங்குக. மலிவாகக் கிடைக்கிறது என்று முன்கூட்டி வாங்குவது கூடாது. எலும்பு நாம் வாங்கிய சீட்டைப் பார்த்து ஆறுவதில்லை.

ஊரில் இறங்கிய மறுநாளே வைத்தியரைக் காண வேண்டும். விருந்தும் கடைவீதியும் பிறகு. வைத்தியர் கூறும் நாட்களோடு, ஆறுவதற்கு ஐந்து நாட்களும், வானிலையையும் விமான மாற்றத்தையும் கருதி இரண்டு நாட்களும் கூட்டிக்கொள்வது நலம். தேதியை மாற்ற இடங்கொடுக்கும் சீட்டு சற்று விலை கூடினாலும் சிகிச்சைப் பயணத்துக்கு அதுவே தக்கது. புறப்பாடு ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகுமெனில், மாற்று விமானமோ முழுத் தொகையோ கேட்கப் பயணிக்கு உரிமை உண்டு என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

கையில் இருக்க வேண்டியவை

புறப்படுமுன் தில்லியிலேயே தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே எடுத்து, ஊர் வைத்தியருக்கு அனுப்பிவிடலாம். எத்தனை அமர்வு, எத்தனை நாள், என்ன செலவு என்பதை எழுத்தில் பெறுக. சர்க்கரை நோயுள்ளவர் மூன்று மாதச் சராசரி காட்டும் இரத்தப் பரிசோதனை முடிவை எடுத்துச் செல்க. இருதய நோய்க்காக இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர் அதனைத் தாமாக நிறுத்தலாகாது. இருதய வைத்தியரின் குறிப்பைப் பெற்றுச் செல்ல வேண்டும். எலும்புத் தேய்வுக்கு ஊசியோ மாத்திரையோ பெற்றுவரும் தாய்மார்கள் அதன் பெயரைப் பல் வைத்தியரிடம் தவறாமல் கூற வேண்டும். அவ்வகை மருந்துகளுள் சில, பல் பிடுங்கிய பின் தாடை எலும்பு ஆறுவதைத் தடுக்கக்கூடும்.

திரும்பும்போது, செய்த சிகிச்சையின் குறிப்பு, எக்ஸ்ரே, வைத்தியரின் பெயரும் பதிவு எண்ணும் உள்ள சீட்டு ஆகியவற்றைக் கேட்டு வாங்குக. பதிபல் வைத்தவர்கள் அதன் நிறுவனப் பெயர், அளவு, வரிசை எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டைக் கட்டாயம் பெற வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்தின் திருகும் அதற்குரிய கருவியும் வெவ்வேறு. இரண்டாண்டு கழித்துத் தில்லியில் ஒரு திருகு தளர்ந்தால், இங்குள்ள வைத்தியருக்கு வழிகாட்டுவது அச்சிறு சீட்டே.

மருந்து, சுத்தமான பஞ்சு, பல்செட்டு வைக்கும் டப்பி ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். ஒப்படைக்கும் பெட்டியில் அன்று. முகத்தை வைத்து அடையாளம் காணும் டிஜி யாத்ரா முறையில் நுழைவோர், கன்னம் வீங்கியிருக்கையில் அதனை நம்பியிராமல் அடையாள அட்டையையும் எடுத்துச் செல்க. தாடையில் பதித்த டைட்டேனியம் சோதனை வாயிலில் ஒலி எழுப்புமோ என்று அஞ்ச வேண்டாம். அத்துணைச் சிறிய உலோகம் பொதுவாக ஒலிப்பதில்லை.

செலவைக் கூட்டிப் பார்த்தல்

இறுதியாக, மிச்சம் என்று நாம் எண்ணுவது மிச்சந்தானா என்று பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு பதிபல்லுக்கு ஊரில் பத்தாயிரம் ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். துணைக்கு ஒருவரோடு இருமுறை போய்வர எட்டு ஒருவழிச் சீட்டுகள் வேண்டும். ஒரு சீட்டு ஆறாயிரம் என்றால் நாற்பத்தெண்ணாயிரம்! பத்தாயிரத்தை மிச்சம் பிடிக்க நாற்பத்தெண்ணாயிரம் செலவிடுவது கணக்குக்கு ஒவ்வாது. பல பற்களுக்குச் சிகிச்சை வேண்டியிருந்தாலோ, எப்படியும் ஊர் செல்ல வேண்டிய காரியம் இருந்தாலோ மட்டுமே கணக்கு ஈடாகும். மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தில் உள்ள ஊழியரும் ஓய்வூதியரும், தங்களுக்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும், முன் அனுமதி வேண்டுமா என்பதைப் புறப்படுவதற்கு முன்பே கேட்டறிக.

எனினும், எல்லாவற்றையும் ரூபாயால் அளக்கவும் நாம் சொல்லவில்லை. தம் மொழியில் வலியைச் சொல்லி, தம் மக்களிடையே ஆறிக் கொள்ள விரும்பும் ஒரு முதியவருக்கு அந்த ஆறுதலை மறுப்பது முறையாகாது. அவரை அழைத்துச் செல்வோர் சற்று முன்னதாகவே சிந்தித்து, நாட்களைத் தாராளமாக ஒதுக்கி, காகிதங்களைச் சேர்த்து வைத்து அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். இவ்வாண்டு ஊர் செல்ல எண்ணியிருக்கும் அன்பர்கள், சீட்டு வாங்குமுன் ஊர் வைத்தியரோடு ஒருமுறை தொலைபேசியில் பேசிவிடுவார்களாக.